விளக்குப் போட்டால் வைப்பர் ஓடாது

பால்காரரின் வண்டி வருவதைச் சொல்ல ஹாரன் தேவையில்லை. எஞ்சின் பெல்ட்டே சொல்லிவிடும். தெருமுனையில் திரும்பும்போதே கீச்சென்று ஆரம்பித்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கத்தும். அதைக் கேட்டுத்தான் ஜனங்கள் பாத்திரத்தோடு வெளியே வருவார்கள். "பால் எப்படியோ, எலியை நல்லா வளர்க்கறீங்க" என்று யாராவது கிண்டல் செய்தால் பால்காரரும் சிரித்துவைப்பார்.

பால்காரம்மா மட்டும் சிரிக்கமாட்டாள். அவள் அப்பாவைக் கொன்றது அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருந்த, வண்டிக்கு மின்சாரம் தருகிற ஆல்டர்நேட்டர் என்று நம்பினாள். இரும்புச் சாமானை மனுஷனை வெறுப்பதுபோல வெறுக்க முடியுமா என்று கேட்டால், முடியும். ஐந்தாறு வருஷமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

வண்டியே அப்பாவுடையதுதான். ரொட்டிக்காரர் என்றால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். விடியற்காலையில் ரொட்டிக் கூடைகளை அடுக்கிக்கொண்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கும் மறு கையால் பித்தளை மணியுமாக வருவார். மகளுக்கு ஒரு தொழில் ஆகட்டும் என்று வண்டியை அவளுக்குக் கொடுத்தார். ரொட்டி வண்டி பால் வண்டியானது. பக்கவாட்டில் நீலப் பெயின்ட்டுக்கு அடியில் 'ரொட்டி' என்ற எழுத்து வெயில் படும்போது இன்றைக்கும் தெரியும்.

அப்பா இரண்டு நாள் தங்கிப் போகலாம் என்று வந்திருந்தபோதுதான் அது நடந்தது. சாயங்காலம், நல்ல மழை. தேநீர் குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்த்தது.

"வண்டியை எடுங்க" என்றாள் புருஷனிடம்.

"இந்த மழையில எப்படி எடுக்கறது? விளக்குப் போட்டா வைப்பர் ஓடாது. வைப்பர் போட்டா விளக்கு அணைஞ்சிடும். ஆல்டர்நேட்டர் போச்சு. நடு வழியில நின்னா என்ன பண்றது? இரு, வேற வண்டி பார்த்துக் கூட்டிட்டு வரேன்."

குடையை எடுத்துக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். அப்பா மகளின் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசினார். "மாப்பிள்ளையைக் கோவிச்சுக்காதே. ஓட்டை வண்டியை உங்க தலையில கட்டினது நான்தான். என்னை மன்னிச்சிடச் சொல்லு." அந்தச் சொல்லோடு போய்ச் சேர்ந்தார். பால்காரர் ஒரு வாடகைக் காரோடு வந்தபோது ஏற்றுவதற்கு உயிர் இல்லை.

மறுநாள் காலையில் வெளியூரிலிருந்து வந்த அவள் அண்ணன் பால்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டான். வாசலில் வண்டி நிற்கும்போது ஏன் ஏற்றவில்லை என்று கேட்டான். பால்காரர் கோபப்படவில்லை. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியைத் தள்ளிக் கிளப்பி, விளக்கையும் வைப்பரையும் சேர்த்துப் போட்டுக் காட்டினார். பெல்ட் கத்தியது. விளக்கு சிவந்து மங்கியது. வைப்பர் கண்ணாடியின் பாதியில் நின்றுவிட்டது. துக்கத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அண்ணன் பால்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "தப்பா நினைச்சுட்டேன் மாப்பிள்ளை."

அன்றிலிருந்து அண்ணன் அவருக்கு மரியாதை ஒரு படி கூட்டினான். அம்மா எது செய்தாலும் மாப்பிள்ளைக்கு என்று முதலில் எடுத்துவைத்தாள். போனவர் சொல்லிவிட்டுப் போன வார்த்தையாயிற்றே.

இந்த வருஷம் கடைகளுக்குத் தயிரும் வெண்ணெயும் போடச் சொல்லிக் கேட்டார்கள். குளிர்ச்சி குறையாமல் கொண்டுபோக வண்டிக்குள் ஒரு பிரிட்ஜ் வேண்டும். பிரிட்ஜ் ஓட வேண்டுமானால் பெரிய ஆல்டர்நேட்டர் வேண்டும். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே பால்காரருக்கு வேறு வேலை வந்துவிடும். "அது பாட்டுக்கு ஓடுது, அதை ஏன் நோண்டணும்" என்பார். செத்த மனிதரை நினைத்துச் சங்கடப்படுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவர் தன் அக்கா வீட்டுக் கூரை வேலைக்காக ஊருக்குப் போன சமயம் பார்த்து வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும், இனிமேலாவது அந்தச் சத்தம் இல்லாமல் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று அவளுக்கு யார் சொல்வது.

வண்டிகளுக்கு மின்சார வேலை பார்க்கிறவனுக்குக் கட்டிங் பிளேயர் என்று பட்டப்பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஒயர் வெட்டுகிற அந்தக் கருவி இருக்கும் என்பது ஒரு காரணம். யார் பேசினாலும் பாதியில் வெட்டுவான் என்பது இன்னொரு காரணம். சுருக்கமாகப் பிளேயர் என்பார்கள். தகரக் கொட்டகை, எண்ணெய் ஊறிய மண்தரை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட பழைய ஒயர்கள். அவனுக்குப் பிடித்த சொத்து ஒரு பலகை. அதில் பழைய ஹெட்லைட் பல்புகளை வரிசையாகப் பொருத்தி வைத்திருந்தான்.

"அக்கா, புதுசு உங்களுக்குத் தாராளமாப் போதும். பிரிட்ஜும் ஓடும், விளக்கும் எரியும், வேணும்னா உள்ளே உட்கார்ந்து துணிகூட..."

"தேய்க்க வேண்டாம். சீக்கிரம் மாட்டித் தா தம்பி."

"வெட்டறது என் வேலை, நீங்க வெட்டறீங்க. ஒண்ணு சொல்லிடறேன். பெரிய ஆல்டர்நேட்டருக்குப் பழைய ஒயர் ஆகாது. இந்த நூல் மாதிரி இருக்கற ஒயர்ல அவ்வளவு கரண்ட்டையும் விட்டா வண்டியே பத்திக்கும். பேட்டரி வரைக்கும் புது ஒயர், தடியா இழுக்கணும். நேரமாகும், டீ சொல்லட்டுமா?"

முன் இருக்கையைத் தூக்கினான். எஞ்சின் அதன் அடியில்தான். இருக்கையைத் தூக்கினால்தான் எதையும் பார்க்க முடியும் என்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை. பிளேயர் தலையை உள்ளே விட்டான். விட்ட தலை வெகு நேரம் வெளியே வரவில்லை.

"பெல்ட் இவ்வளவு தொங்கினா கத்தாம என்ன பண்ணும்" என்று உள்ளேயிருந்தே சொன்னான். "இந்தச் சத்தம் எப்பலேர்ந்து அக்கா?"

"ஆரம்பத்துலேர்ந்தே" என்று சொல்ல வாயெடுத்தாள். அப்பா மணி அடித்துக்கொண்டு வருவார். ஏன் மணி அடிப்பார்? வண்டியில் சத்தமே இருக்காது, வருவது யாருக்கும் தெரியாது, அதனால்தான் மணி. அந்தக் கீச்சுச் சத்தத்தை அவள் முதன்முதலில் கேட்டது அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த காலையில். அதற்கு முன்னால் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

இது ஐந்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். தினமும் காதில் விழுவதை யார் யோசிக்கிறார்கள்?

பிளேயர் பழைய ஆல்டர்நேட்டரைக் கழற்றி மேசையில் வைத்தான். எந்தப் பழைய சாமானைக் கழற்றினாலும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் ஒதுக்கிப்போடமாட்டான், அது அவன் வழக்கம். அதை இடுக்கியில் இறுக்கி, மோட்டாரோடு பெல்ட் போட்டு இணைத்து, சுவிட்சைத் தட்டினான். மேசை அதிர்ந்தது. பலகையில் ஒரு பல்பைப் போட்டான். எரிந்தது. அடுத்ததைப் போட்டான். கடைசி பல்பு வரைக்கும் போட்டான். கொட்டகை முழுக்கக் கல்யாண வீடு மாதிரி வெளிச்சம். ஒரு பல்புகூட மங்கவில்லை.

"இது போச்சுன்னு யார் சொன்னது?" என்றான் பிளேயர்.

அவள் பல்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் ரிப்பேர் பண்ணியிருப்பாங்களோ?"

"இதை யாரும் திறந்ததே இல்லக்கா. பாருங்க, ஸ்குரூ தலையில கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கு. இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷம் அலட்டிக்காம ஓடும்."

"ஒருவேளை அப்ப சரியில்லாம இருந்து, பின்னால தானாச் சரியாயிருந்தா?"

"மெஷின் மனுஷன் மாதிரி இல்லக்கா, வயசாக ஆகத் திருந்தறதுக்கு."

அவளுக்கு இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. "பெல்ட்தான் தளர்ந்திருக்கும். அவருக்குத் தெரிஞ்சிருக்காது. பெல்ட்டு தொங்கினா விளக்கு மங்கும்தானே?"

"மங்கும். பெல்ட் நாள்பட்டாத் தொங்கும், அதுவும் சரி. ஆனா போல்ட் நடந்து போகாது." பிளேயர் அவளைக் கிட்டே கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினான். பெல்ட்டை இழுத்துக் கட்டுகிற தகட்டில் நீளமாக ஒரு துளை. அதன் மேல் கோடியில் பெயின்ட்டில் வட்டமாக ஒரு தடம் பதிந்திருந்தது. "இங்கதான் அது பிறந்ததுலேர்ந்து இருந்திருக்கு. யாரோ ஸ்பேனர் வச்சுத் தளர்த்தி, கீழே தள்ளி, மறுபடி முறுக்கியிருக்காங்க. தெரியாம நடக்கற காரியமில்ல. எவனோ வேலை மெனக்கெட்டுப் பண்ணியிருக்கான்."

"பெல்ட்டைத் தளர்த்தினா உடனே விளக்கு மங்கிடுமா?"

"பேட்டரி இருக்கற வரைக்கும் தாங்கும். அதையும் ராத்திரி பூரா விளக்கை எரியவிட்டு இறக்கிட்டா, காலையில மங்கத்தான் செய்யும்."

அவள் பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா இறந்த அந்த ராத்திரி, வந்து போகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று பால்காரர்தான் வண்டி விளக்கை வாசலைப் பார்க்கப் போட்டுவைத்தார். "மாப்பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு" என்று எல்லோரும் சொன்னார்கள். விடியும்போது இரண்டு கையும் கரியும் எண்ணெயுமாக உள்ளே வந்தார். "பாவம், இந்த நிலைமையிலயும் வண்டியைச் சரிபண்ணப் பார்த்திருக்காரு" என்று அதற்கும் பாராட்டு. சோப்பை எடுத்துக் கொடுத்து, செம்பில் தண்ணீர் மொண்டு, அந்தக் கைகளில் ஊற்றியவள் அவள்தான். கரி போகவில்லை என்று இரண்டாவது செம்பும் ஊற்றினாள். நகக் கண்ணில் இருந்ததைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். வாயில்லாத இரும்பை வைத்துக்கொண்டு அத்தனை வருஷமும் திட்டித் தீர்த்தாயிற்று.

பிளேயர் டீயைக் கொண்டுவந்து நீட்டினான். அவள் வாங்கி, ஆற விடாமல் குடித்தாள். குடித்து முடித்தபோது அவள் மனசு ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

"தம்பி, பழசையே திருப்பி மாட்டு."

"என்னக்கா இது? அப்ப பிரிட்ஜு?"

"கிடக்கட்டும். பெல்ட்டை அந்தப் பழைய தடத்துக்கே இழுத்துக் கட்டு. புதுசைப் பெட்டியில வச்சு என்கிட்ட குடு. யார் கேட்டாலும் புதுசு மாட்டியாச்சுன்னு சொல்லு."

பிளேயர் எதையோ கேட்க வந்தான். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் பேச்சைத் தானே வெட்டிக்கொண்டான். வேலையை முடித்து, போல்ட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரு சிவப்புப் பெயின்ட் கோடு போட்டான். "இனிமே எவனாவது ஸ்பேனர் வச்சாக் கோடு விலகிடும். பார்த்த உடனே தெரியும்."

வண்டி சத்தமில்லாமல் வீடு வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் பால் போடப் போனால் ஒருத்தரும் வாசலுக்கு வரவில்லை. கத்தாத வண்டி அவர்களுக்கு யாரோ ஊரார் வண்டி. அவள் திரும்பிப் போய்ப் பரணிலிருந்து அப்பாவின் பித்தளை மணியை எடுத்து, புளி போட்டுத் துலக்கி, அதை அடித்துக்கொண்டு போனாள்.

கூரை வேலை முடிந்து பால்காரர் திரும்பி வந்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்த மணிதான்.

"இதை எதுக்கு எடுத்தே?"

"வண்டி கத்தறதில்ல. அதான். ஆல்டர்நேட்டர் மாத்திட்டேன்."

வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் அங்கேயே நின்றது. "யார்கிட்ட?"

"பிளேயர்கிட்ட."

"என்ன சொன்னான்?"

"என்ன சொல்லணும்?"

"இல்ல... பழசு எப்படி இருந்துதுன்னு."

"பழசு பழசாத்தான் இருந்துது."

டம்ளர் வாய்க்குப் போனது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இந்த நெஞ்சோ குறுகுறுப்பு தீர்ந்த சந்தோஷத்தில் ஒரு முழு டம்ளர் தேநீரை உறிஞ்சிவிட்டு இன்னொன்று கேட்டது. மூலையில் இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்து, "அதென்ன, பழசா? குடு, நானே எடைக்குப் போட்டுட்டு வரேன்" என்றது.

"இருக்கட்டும். அப்பா நினைவா வச்சிருக்கேன்."

அவள் இரண்டாவது டம்ளர் தேநீரை அளவான சர்க்கரையோடு கலந்து கொடுத்தாள். வாயில் 'என்னங்க' இருந்தது. மனசில் மரியாதை போய் நாளாயிற்று. அவளுக்கு இல்லாத மரியாதை நமக்கு எதற்கு? இனி அவர் இல்லை, அவன்தான்.

ராத்திரி பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறவனைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். தலையணையை முகத்தில் வைத்து அமுக்கிவிடலாமா என்றுகூட ஒரு தடவை நினைத்தாள். அப்பா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே செத்தார், இவன் தூங்கிக்கொண்டே சாவதா என்று அந்த எண்ணத்தை விட்டாள். அவளுக்கு வேண்டியது அதுவல்ல. அவன் வாயாலேயே வர வேண்டும். அதுவும் அண்ணன் காது கேட்க வர வேண்டும்.

மழைக்காகக் காத்திருந்தாள். வெயில் கொளுத்தியது. பால் திரிந்தது, தெருவில் தார் உருகியது. வேண்டாத விருந்தாளி மாதிரி வெயில் கிளம்புவேனா என்றது. தினமும் மாலையில் மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு இறங்குவாள். அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"மழை வந்தா உடனே கிளம்பி வா."

"மழை விட்டா வான்னுதான் சொல்லுவாங்க. மழை வந்தா வாங்கறே. என்ன விஷயம்?"

"புது ஆல்டர்நேட்டர் போட்டிருக்கோம். மழையில ஓட்டிப் பார்க்கணும். நீயும் இருக்கணும்."

அண்ணனுக்கும் அந்த மழை ஞாபகம் வந்திருக்கும். "வரேன்" என்றான்.

ஒரு வழியாக மேகம் திரண்டது. மத்தியானமே இருட்டி, அண்ணன் வந்து காலைக் கழுவித் துடைக்கும்போது சடசடவென்று பிடித்துக்கொண்டது. அவள் சாவியை எடுத்துப் புருஷன் முன்னால் வைத்தாள்.

"வாங்க, ஒரு சுத்துப் போயிட்டு வருவோம்."

பால்காரன் உற்சாகமாகக் கிளம்பினான். மச்சானிடம் பெருமை பேச ஒரு சாமான் கிடைத்துவிட்டதல்லவா. அண்ணன் பின்னால் பால் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்தான். அவள் முன்னால், எஞ்சினுக்கு மேலே இருந்த அந்த இருக்கையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். கனத்தில் தொடை வலித்தது.

"அதை எதுக்கு இப்போ தூக்கிட்டு வரே?" என்றான்.

"இருக்கட்டும். நீங்க விளக்கைப் போடுங்க."

போட்டான். மழைக்குள் வெளிச்சம் நீளமாகப் பாய்ந்தது.

"வைப்பரைப் போடுங்க." அதுவும் வேகமாக ஓடியது. "உள் விளக்கு. ஃபேன். ஒரு ஹாரன் அடிங்க."

எதுவும் மங்கவில்லை, எதுவும் நிற்கவில்லை. பால்காரனுக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா மச்சான்? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டிருக்கேன், கொஞ்சமாவது அசையுதா பாருங்க. புதுசுன்னா புதுசுதான்."

"நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்றான் அண்ணன்.

"நேரா போங்க" என்றாள் அவள். "அடுத்த முனையில திரும்புங்க."

அது ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடு. அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வந்து விழுவதும் வைப்பர் வழிப்பதுமாக இருந்தது. பேசிக்கொண்டே போனால் பேச்சு முடிவதற்குள் வந்துவிடும் தூரம்தான். அவ்வளவுதான் தூரம். வாசல் விளக்கும் கேட்டும் தெரிந்தது.

"இங்க நிறுத்துங்க. எஞ்சினை அணைக்க வேண்டாம்."

நிறுத்தினான். பின்னால் அண்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பேசாமல் இருந்திருந்தால் பால்காரன் அன்றைக்குத் தப்பித்திருப்பானோ என்னவோ. ஆனால் பொய் சொல்லிப் பழகியவனுக்கு அதை அலங்காரம் பண்ணாமல் இருக்க முடியாது. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னான்: "என்ன பண்றது மச்சான். அன்னிக்கு மட்டும் இந்த ஆல்டர்நேட்டர் வண்டியில இருந்திருந்தா, மாமா இன்னிக்கு நம்மோட உட்கார்ந்திருப்பாரு."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

"என்ன?"

"இப்ப சொன்னதை. அண்ணனுக்கு நல்லாக் கேட்கணும்."

"இந்த ஆல்டர்நேட்டர் அன்னிக்கு இருந்திருந்தா மாமா பிழைச்சிருப்பாருன்னேன். உண்மைதானே?"

"உண்மைதான்" என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியைத் திறந்தாள்.

உள் விளக்கில் அலுமினியம் பளபளத்தது. காகிதச் சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. அண்ணன் எட்டிப் பார்த்தான். "புதுசா இருக்கே. அப்ப உள்ளே ஓடறது எது?"

"அப்பாவோடது. அன்னிக்கு இருந்த அதே ஆல்டர்நேட்டர்தான். யாரும் அதைத் திறந்ததே இல்ல. விளக்கு எரியறதையும் வைப்பர் ஓடறதையும் பார்த்துக்கோ அண்ணா. அன்னிக்கும் இப்படித்தான் ஓடியிருக்கும். இவரு எடுக்கலை. மறுநாள் நீ கேட்பேன்னு பெல்ட்டைத் தளர்த்தி, பேட்டரியை இறக்கி வச்சிட்டு உனக்கு வேடிக்கை காட்டினாரு. நீ அவர் கையைப் பிடிச்சு அழுதே. அந்தக் கையைக் கழுவிவிட்டது நான்."

வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பால்காரன் ஸ்டியரிங்கை விடவில்லை. பிளேயரைத் திட்டிப் பார்த்தான். எவனோ உன் மனசைக் கெடுத்துட்டான் என்றான். அவள் விரலை நீட்டி எரிகிற விளக்கைக் காட்டினாள்.

"சொல்லுங்க மாப்பிள்ளை" என்றான் அண்ணன். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "ஏன் எடுக்கலை?"

பால்காரன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்குக் காலையில பால் வாங்க வந்தவங்க நாலு பேர் நிக்கறப்போ, ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டு, 'மாப்பிள்ளை, தண்ணி கொஞ்சம் தூக்கலா இருக்கே'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நாள் பூரா எனக்கு ஆறலை. சாயங்காலம் நெஞ்சு வலின்னதும்... வாயுன்னுதான் நெனச்சேன். சத்தியமா வாயுன்னுதான். கொஞ்ச நேரம் வலிக்கட்டும்னு நெனச்சேன். கடைக் கூரைக்குக் கீழே நின்னுட்டு, மெதுவாத்தான் காரைக் கூப்பிடப் போனேன்."

"ஒரு வேடிக்கைப் பேச்சுக்கா?" என்றாள் அவள். "அவரு கடைசி வரைக்கும் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாரு. உங்ககிட்ட."

அண்ணன் பின்னாலிருந்து பாய்ந்து அவன் கழுத்துச் சட்டையைப் பிடித்துவிட்டான். பால் டப்பாக்கள் உருண்டன. அவள் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை எடு அண்ணா. நீ நாலு அடி அடிச்சா இவருக்கு அதோட தீர்ந்துடும். அடி வாங்கிட்டேனே, அப்புறம் என்னன்னு நிம்மதியாத் தூங்குவாரு. தீரக் கூடாது."

"பின்னே என்ன பண்ணப் போறே? விட்டுட்டு வந்துடு. நம்ம வீட்டுக்கு வா."

"நான் ஏன் வரணும்? வண்டி எங்கப்பாவோடது. தொழில் என்னோடது. இவரு எங்கேயும் போகலாம், கதவு திறந்துதான் இருக்கு. ஆனா போனா ஏன் போனாருன்னு பால் வாங்கற அத்தனை வீட்லயும் மணி அடிச்சுச் சொல்லுவேன். இருந்தா, சோறு போடுவேன். மழை பெய்யற ஒவ்வொரு சாயங்காலமும் வண்டியை எடுக்கணும். விளக்கைப் போட்டு, வைப்பரைப் போட்டு, என்னை இங்க கூட்டிட்டு வந்து நிறுத்தணும். அப்பா எவ்வளவு நேரம் என் மடியில கிடந்தாரோ அவ்வளவு நேரம் நிக்கணும்."

"எத்தனை நாளைக்குடி?" என்றான் அண்ணன்.

"பழசு ஓடற வரைக்கும்."

பால்காரன் போகவில்லை. போக இடம் இருந்தது, துணிச்சல் இல்லை. தெருவில் நாலு பேர் சிரித்ததற்கே ஒரு உயிரைக் காக்க வைத்தவன், தெரு முழுக்கப் பேசினால் எப்படித் தாங்குவான்? அம்மா அந்த மழைக்கு அப்புறம் மாப்பிள்ளைக்கு என்று எதையும் எடுத்துவைப்பதில்லை. பிரிட்ஜ் வராததால் தயிர் வியாபாரம் வேறு ஒருவனுக்குப் போனது. அதில் அவளுக்கு நஷ்டம்தான். தெரிந்தேதான் விட்டாள். புது ஆல்டர்நேட்டர் சாப்பாட்டு மேசைக்கு எதிரே அலமாரியில், பெட்டி திறந்தபடி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்காமல் அவன் ஒரு வாய் சோறு தின்ன முடியாது.

ஒரு தடவை யாருக்கும் தெரியாமல் பிளேயரிடம் போய், "புதுசை மாட்டிடு, இல்லன்னா பழசுல ஏதாவது பழுதுன்னு சொல்லிடு" என்று கெஞ்சியிருக்கிறான். "பழுதில்லாததைப் பழுதுன்னு சொல்ல எனக்குத்..." என்று ஆரம்பித்த பிளேயர், பாதியிலேயே வெட்டிவிட்டு வேறு வண்டிக்கடியில் படுத்துவிட்டானாம். தினமும் காலையில் மணியை எடுப்பதற்கு முன்னால் அவள் இருக்கையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்ப்பாள். சிவப்புக் கோடு விலகியிருக்காது.

அந்த வருஷம் மழை தாராளம். ஒவ்வொரு மாலையும் சாவி அவன் முன்னால் வந்து விழுந்தது. போகிற வழியில் பேச்சு கிடையாது. கேட்டுக்கு எதிரே நின்றதும் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்போதெல்லாம் அவள் மனசு ஆறியதா என்றால், இல்லை. ஆற வேண்டும் என்று அவள் நினைக்கவுமில்லை.

மழைக்காலம் முடியப் போகிற சமயம், ஒரு சாயங்காலம் சாவியை வைத்தபோது அவன் எழுந்திருக்கவில்லை. முகம் வேர்த்திருந்தது. கையை நெஞ்சின் மேல் வைத்திருந்தான்.

"இன்னிக்கு முடியல. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு."

அவள் அவனைப் பார்த்தாள். நிஜமா, வேஷமா என்று தெரியவில்லை. அந்த முகத்தில் எது நிஜம் என்று கண்டுபிடிக்கிற பழக்கம் அவளுக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

"எழுந்திருங்க. ஆஸ்பத்திரி வழிதானே. நானே ஓட்டறேன்."

அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் எஞ்சினுக்கு மேலிருந்த இருக்கையில் உட்கார வைத்தாள். விளக்கைப் போட்டாள், வைப்பரைப் போட்டாள். நல்ல மழை. வண்டி சத்தமில்லாமல் ஓடியது. ஒரு இடத்திலும் மங்கவில்லை, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கேட்டுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"வந்தாச்சு. பாருங்க, வண்டி வந்துடுச்சு. இறங்கறீங்களா?"

அவன் ஆஸ்பத்திரி விளக்கைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். இறங்கி, உள்ளே போய், பிழைத்து, மழைக்கு மழை மறுபடி இதே கேட்டுக்கு எதிரே வந்து நிற்க வேண்டும்.

"வேண்டாம்" என்றான். "வாயுதான்."

"நிஜமாவா?"

"வாயுதான். கொஞ்ச நேரம் வலிச்சுட்டுப் போயிடும்."

அவள் கொஞ்ச நேரம் வைப்பர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.